கூரையை அளக்கும் முன் பில்லைப் பார்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய சோலார் கொட்டேஷனை நிதானமாகப் படித்தேன். 5 கிலோவாட் போட்டால் நாலே வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சோலார் போடு என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் எவ்வளவு போடுவது என்பதை விற்க வருகிறவர் முடிவு செய்யக் கூடாதம்மா.

நல்ல வெயில் உள்ள ஊரில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 5 கிலோவாட்டுக்கு 20 யூனிட். கூடவே அனுப்பிய பில்களைக் கூட்டிப் பார்த்தால் உங்கள் வீட்டில் நாளுக்கு 11 யூனிட்தான் ஓடுகிறது. அதிலும் நீயும் மாப்பிள்ளையும் பகலில் வேலைக்குப் போய்விடுகிறீர்கள். வெயில் இருக்கும் நேரத்தில் 5 யூனிட் செலவானால் அதிகம். மீதி 15 யூனிட்டும் வெளியே மின் கம்பத்து லைனுக்குத்தான் போகும்.

அந்த 15 யூனிட்டுக்கு என்ன விலை தருவார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சில இடங்களில் அனுப்பும் யூனிட்டை அப்படியே பில்லில் கழித்துக்கொள்வார்கள். நெட் மீட்டரிங் என்பது அதுதான். பல இடங்களில் நாம் வாங்கும் விலையில் ஒரு பகுதிதான் கையில் வரும். மூன்றில் ஒரு பங்கு தருகிறார்கள் என்று வைத்துக்கொள். 15 யூனிட்டுக்கு 5 யூனிட்டின் மதிப்பு. வீட்டில் செலவான 5-ஐயும் சேர்த்தால் நாளுக்கு 10 யூனிட்டின் காசுதான் மிச்சம். உன் கொட்டேஷனில் 20 யூனிட்டையும் முழு விலையில் பெருக்கியிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன 4 வருடம் இந்தக் கணக்கில் 8 வருடமாகிறது.

இதே வீட்டுக்கு 3 கிலோவாட் போட்டுப் பார். 12 யூனிட் வரும். வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், வாட்டர் ஹீட்டர் மூன்றையும் டைமர் வைத்து உச்சி வெயிலுக்கு மாற்றிவிட்டால் பகல் செலவு 7 யூனிட்டாகும். லைனுக்குப் போவது 5 யூனிட்தான். முதலீடும் குறைவு. சுமார் 6 வருடத்தில் பணம் திரும்பிவிடும். நம் வீட்டில் பேனல் வந்த பிறகு அம்மா வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் துணி துவைக்கப் போடுகிறாள். மேகம் மூடியிருந்தால் துணி மறுநாள் வரை காத்திருக்கும். சோலாரில் மிச்சம் பிடிப்பது என்றால் பெரும்பாலும் இந்தப் பழக்கம்தான்.

பேட்டரிக்குத் தனி விலை போட்டிருக்கிறார்கள். பேட்டரி இல்லாமல் லைனோடு சேர்ந்து ஓடும் சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். எத்தனை வெயில் அடித்தாலும் வீடு இருட்டுதான். கம்பத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். உங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகுமா? போகாது என்றால் இப்போதைக்குப் பேட்டரி வேண்டாம். லைனுக்கு அனுப்புவதற்கு ஒன்றுமே தரமாட்டார்கள் என்றால் மட்டும் மறுபடி யோசிப்போம். வாங்குவதானால் லித்தியம் வாங்கு. ஈய அமில பேட்டரியின் விலை குறைவுதான், ஆனால் சில வருடங்களிலேயே மாற்ற வேண்டியிருக்கும்.

பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் என்பது உண்மை. அப்போதும் 80 சதவீதத்துக்குக் குறையாமல் தரும் என்றுதான் பெரும்பாலும் எழுதித் தருகிறார்கள். பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் அத்தனை காலம் வராது, 10 முதல் 15 வருடத்தில் மாற்ற வேண்டும். அந்தச் செலவு கொட்டேஷனில் எங்கேயும் இல்லை. கடன் வாங்கிப் போடுவதானால் வட்டியும் இல்லை. இரண்டையும் நீயே சேர்த்துக்கொள்.

நீ அனுப்பிய மாடிப் படத்தில் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. அதுதான் எனக்குக் கவலை. பேனல்களை வரிசையாகக் கோத்திருப்பார்கள். ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் அந்த வரிசை முழுக்கவே உற்பத்தி குறையும். மதியம் பார்த்தால் நிழல் தொட்டியின் காலடியிலேயே கிடக்கும், ஒன்றும் தெரியாது. காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் மாடியேறி, அது எதுவரை நீள்கிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு வை. சூரியன் தாழ்வாகப் போகும் மாதங்களில் இன்னும் நீளும். கோட்டுக்கு உள்ளே பேனல் வரவே கூடாது. வேறு வழியில்லை என்றால் ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனியாகச் சின்ன இன்வெர்ட்டர், அதாவது மைக்ரோ இன்வெர்ட்டர் கேள்.

அப்புறம், பேனலைத் தளத்தோடு ஒட்டிப் படுக்க வைக்க விடாதே. பேனலின் சூடு 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். வெயிலில் கண்ணாடி 60 டிகிரி வரைகூடச் சுடும். அடியில் காற்றுப் போக இடம் வேண்டும்.

மாப்பிள்ளையிடம் சொல்லி, லைனுக்கு அனுப்பும் யூனிட்டுக்கு என்ன விலை என்று மின் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கச் சொல். அது கைக்கு வந்ததும் 3 கிலோவாட்டுக்கு வேறு இரண்டு பேரிடம் கொட்டேஷன் கேட்டு எனக்கு அனுப்பு. அதுவரை முன்பணம் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா