அழாமல் பிறந்த பிள்ளை

தக்கலை,
ஞாயிறு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வியாழனன்றே கிடைத்தது. ஆனி மழையும் கரண்ட் போவதுமாக இருந்ததில் பதில் பிந்திவிட்டது.

தங்கச்சி மகளின் பிள்ளையைப் பற்றிக் கேட்டிருந்தாய். பிறந்ததும் அழவில்லை. கையும் காலும் நனைந்த துணிபோலத் தொங்கின. உள்ளே இருந்த சிஸ்டர் உடனே துடைத்து, முகத்தில் மாஸ்க் வைத்து, மூச்சுக் கொடுக்கும் பையை அமுக்கினாள். அழுகை கேட்க நாலு நிமிஷம் ஆயிற்று. மறுநாள் ஃபிட்ஸ். அதை அடக்கப் பினோபார்பிடோன் கொடுத்தார்கள்.

மூளையைக் காப்பாற்ற ஓர் ஊசிகூடவா இல்லை என்று கேட்டாய். நாம் லேபர் ரூமில் நின்ற காலத்தில் மூச்சு வந்துவிட்டால் கண்டம் தாண்டியது என்றுதான் நினைத்தோம். அப்படி இல்லை, கேட்டியா. பிள்ளை தேறியதுபோலத் தெரிகிற சில மணி நேரத்துக்குப் பிறகுதான் மூச்சில்லாமல் ஒருமுறை வாடிய மூளைச் செல்கள் இரண்டாவது தடவையாகச் சக்தி இழந்து சாகத் தொடங்குகின்றன. மருந்து வேலை செய்ய வேண்டியது அந்த இடைவெளியில்தான்.

வசதியான நாடுகளில் 6 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் குளிர்வித்து, உடம்புச் சூட்டை 33.5 டிகிரியில் 72 மணி நேரம் வைத்திருக்கிறார்கள். அங்கே பலன் தெரிகிறது. அதையே இந்தியா, இலங்கை, வங்கதேச ஆஸ்பத்திரிகளில் 408 பிள்ளைகளிடம் செய்து பார்த்த ஹெலிக்ஸ் ஆய்வு 2021-இல் வந்தது. குளிர்வித்த பிள்ளைகளில் 42 சதவீதம் இறந்தார்கள், மற்றவர்களில் 31. அதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை. கிட்னி நோயாளிகளுக்கு ரத்தம் ஊறப் போடும் எரித்ரோபாய்டினையும் அமெரிக்காவில் குளிர்விப்போடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 500 பிள்ளைகள், 2022-இல் முடிவு. கூடுதல் பலன் எதுவும் இல்லை, கடுமையான பக்கவிளைவுகள்தான் கூடின.

நாம் கர்ப்பிணிகளின் ஜன்னிக்குப் போட்ட மக்னீசியம் சல்ஃபேட் நினைவிருக்கிறதா? குறைமாதத்தில் வலி வந்த தாய்க்கு அதைப் போட்டால் பிள்ளைக்கு மூளைவாதம் வருவது குறைகிறது. ஆனால் நம் பிள்ளை நிறைமாதம்.

அவனுக்குக் கிடைத்த மருந்து அந்த சிஸ்டரின் கைதான். அவள் ஒரு நிமிஷம் தயங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இப்போது மூன்று மாதம். பாலாடையை விட்டு நேரே குடிக்கிறான். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தும்விட்டான். இடது கைதான் கவலை, பெருவிரலை உள்ளே மடக்கியே வைத்திருக்கிறான். பால் குடித்து அசந்தபிறகு ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை பிசியோதெரபிக்குக் கொண்டுபோகிறோம். அன்று வர முடியுமானால் வா, நீ ஒரு தடவை அந்தக் கையைப் பார்த்தால் எனக்குத் தெம்பாக இருக்கும்.

அன்புடன்,
உன் தோழி