அப்பாவுக்கு, புது வீட்டுலேர்ந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லாரும் நல்லாருக்கோம். வீடு மாறி மூணு வாரம் ஆச்சு. அன்னிக்கு போன்ல அம்மா "வீட்டுக்குள்ள வெயில் வருதாடி"ன்னு கேட்டப்ப வருதும்மான்னு சட்டுனு சொல்லி வச்சிட்டேன், நிஜத்த உங்களுக்கு எழுதுறேன், பதமா சொல்லுங்க.

இது முன்னாடி ஆபீசா இருந்த பில்டிங்ப்பா. நியூயார்க்ல மன்ஹாட்டனோட தெற்குக் கோடி, வால் ஸ்ட்ரீட்டுலேர்ந்து ரெண்டு தெரு. உங்க தம்பு செட்டித் தெரு மாதிரி வச்சுக்கோங்க, பேங்க், இன்சூரன்ஸ், கப்பல் கம்பெனி எல்லாம் இருந்த இடம், அப்பல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஆள் இருக்காதாம். 1990 வாக்குல ஆபீஸ் நிறைய காலியாயிடுச்சாம், 1995ல வீடா மாத்துறவங்களுக்கு வரிச்சலுகை குடுத்தாங்க, கொரோனாவுக்கு அப்புறம் இன்னும் வேகமா மாத்துறாங்க. பக்கத்துல 25 வாட்டர் ஸ்ட்ரீட்னு ஒரு பில்டிங், மேல பத்து மாடி ஏத்தி 1,300 வீட்டுக்கு மேல கட்டியிருக்காங்க. நடுவுல ரெண்டு இடத்துல மாடி மாடியா வெட்டி எடுத்து நம்ம ஊர் வீட்டு முற்றம் மாதிரி திறந்து விட்டிருக்காங்க, எல்லாம் வெளிச்சத்துக்குத்தான். ஆபீஸ்னா ட்யூப் லைட்ட போட்டு நடுவுலயே டேபிள் போட்டுடலாம், பெட்ரூமுக்கு ஜன்னல் இருந்தே ஆகணும்னு இங்க சட்டம்.

நம்ம வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். ஒரு கோடில ஜன்னல், இன்னொரு கோடில வாசக்கதவு, ஹால் நடுவுல நான் கட்டிப் பிடிச்சாலும் கைக்குள்ள அடங்காத ஒரு தூண். உள்ள ஜன்னலே இல்லாத ஒரு ரூம், பேப்பர்ல ஹோம் ஆபீஸ்னு போட்டிருந்தாங்க, அதத்தான் சாமி ரூமா வச்சிருக்கேன். விளக்கு ஏத்தினா கர்ப்பக்கிரகம் மாதிரியே இருக்குப்பா, எனக்கு இந்த வீட்டுல ரொம்பப் பிடிச்ச இடம் அதான். சாம்பிராணி மட்டும் போட முடியாது. அடுப்புக்கு மேல இருக்கற ஃபேன் புகைய வெளிய தள்ளாது, ஜன்னலும் நாலு விரக்கடைதான் திறக்கும், முதல் நாள் வத்தக்குழம்புக்குத் தாளிச்சதுக்கே அலாரம் அலறி பாப்பா பயந்து அழுதுட்டா.

வெயில் விஷயத்துக்கு வர்றேன். தெரு அவ்ளோ குறுகல், ரெண்டு பக்கமும் அம்பது அறுபது மாடி, சூரியன் நேரா வர்றதே இல்ல. ஆனா பதினோரு மணி வாக்குல எதிர் பில்டிங் கண்ணாடில பட்டுத் திரும்பி நம்ம ஹாலுக்குள்ள விழும், இருபது நிமிஷம் இருக்கும், மெல்ல தூண்ல ஏறிப் போயிடும். பாப்பா அந்த நேரத்துக்குக் காத்திருந்து பாயைப் போட்டு உக்காருவா. அம்மா குடுத்துவிட்ட துளசி விதை தொட்டிய தினமும் அந்த இடத்துக்கு நகத்துறேன், ரெண்டு இலை விட்டிருக்கு.

ஒண்ணு உங்களுக்குன்னே எழுதணும்னு வச்சிருந்தேன். லிஃப்ட் பக்கத்துல செவுத்தோட ஒட்டி பித்தளையும் கண்ணாடியுமா ஒரு நீளக் குழாய் இருக்கு. ஒவ்வொரு மாடிலயும் அதுல ஒரு வாய், ஆபீஸ் ஆளுங்க கவர ஒட்டிப் போட்டா நேரா கீழ தபால் பெட்டில போய் விழுமாம். இப்ப அடைச்சிட்டாங்க. பித்தளை ஓரம் மட்டும் கை பட்டுப் பட்டு வழவழன்னு தேஞ்சு கெடக்கு. அதப் பாக்குறப்பல்லாம் பேங்க்ல தபால் செக்‌ஷன்ல நீங்க உக்காந்திருந்த ஸ்டூலும் கைல அந்த ஊதா முத்திரை மையும்தான் ஞாபகம் வருது. இந்தத் தூண் பக்கத்துலயும் உங்கள மாதிரி யாரோ ஒருத்தர் முப்பது வருஷம் உக்காந்திருப்பார்ல.

கோயிலுக்கு ஃப்ளஷிங்ங்கற ஏரியாவுக்குப் போறோம், ட்ரெயின் மாறிப் போகணும், பரவால்ல.

ஜூன்ல விசா கிடைச்சிடும்ல? ஜன்னல் ஓர ரூம் உங்க ரெண்டு பேருக்கும். பிரஷர் மாத்திரை மூணு மாசத்துக்கு வாங்கிக்கோங்க. அம்மாவ வடாம் இங்க வந்து போட்டுக்கலாம்னு இருக்க வேணாம், அங்கயே காய வச்சு எடுத்துட்டு வரச் சொல்லுங்க.

அன்புடன்,
உங்க பொண்ணு