23ஐ 89ஆல் பெருக்கினால்

கோண்டாவில்
12.02.2025

அன்புள்ள தம்பி,

நாங்கள் இங்கே சுகம். நீயும் சுகம் என்றுதான் அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பொங்கலுக்குப் பிறகு நீ எடுக்கவில்லை. வேலை கூட என்று தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு.

போன ஒக்டோபரில் புதிதாக ஒரு முதன்மை எண் பிடித்தார்களே, ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மீதியின்றிப் பிரியாத எண், அறிந்திருப்பாய். 2இன் 136,279,841ஆம் வலுவில் ஒன்று குறைய. மொத்தம் 41,024,320 இலக்கங்கள். பக்கத்துக்கு ஆயிரம் இலக்கம் எழுதினாலும் 80 பக்கக் கொப்பி 513 வேண்டும், கணக்குப் பார்த்தேன். கடைசி இலக்கம் 1 என்பதைக் கம்ப்யூட்டர் இல்லாமலே சொல்லலாம்; 2இன் வலுக்களின் கடைசி இலக்கம் நாலுக்கொருமுறை திரும்பி வரும், சுட்டியை, அந்த 136,279,841ஐ, 4ஆல் வகுத்தால் மீதி ஒன்றுதானே. துவித எண்ணில் எழுதினால் முழுக்க முழுக்க ஒன்றுகள், ஒரு பூச்சியம் கிடையாது. ரியூசன் பிள்ளைகளுக்கு ஆசையாகச் சொன்னேன். "சோதினைக்கு வருமா சேர்?" என்று கேட்டார்கள். உன்னைப் போல ஒருவன் பிறகு என் வகுப்பில் இருக்கவில்லை. அப்படிப்பட்டவனுக்கு வீட்டுக்கு இரண்டு வரி எழுதத்தான் கை வருவதில்லை.

அதை விட எனக்கு 2இன் 67ஆம் வலுவில் ஒன்று குறைந்த எண்ணில்தான் கன நாளாக மனம். அது முதன்மை என்று 1644இல் மேர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி எழுதி வைத்தார். இல்லை என்று 1876இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் நிறுவினார். ஆனால் காரணிகள் எவை என்று அவருக்கும் தெரியாது. 1903இல்தான் அமெரிக்காவில் பிராங்க் கோல் என்பவர் 193,707,721ஐயும் 761,838,257,287ஐயும் கரும்பலகையில் பெருக்கிக் காட்டினார். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குப் போயிற்றாம். இடையில் 27 வருடம், அந்த எண் பிரியும் என்று தெரியும், எதனால் என்று தெரியாது.

போன முறை வீடியோவில் உனக்குப் பின்னால் இருந்தது வேறு சுவர். அம்மா கவனிக்கவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, கடைச் சாப்பாட்டில் நில்லாதே.

ஆறாம் வகுப்பில் நீ என்னிடம் படித்த வருடம். 2இன் 2, 3, 5, 7ஆம் வலுக்களில் ஒன்று குறைய 3, 7, 31, 127 என்று பலகையில் எழுதி, அடுத்தது 11ஆம் வலுவில் 2047, அதுவும் முதன்மை என்றேன். நீ கொப்பியின் பின்மட்டையில் 23 × 89 என்று எழுதிக்கொண்டு எழும்பி வந்தாய். வாய் காட்டுகிறாயா என்று அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் அடிமட்டத்தால் அடித்தேன். அன்றிரவு நீ நித்திரையான பிறகு, குப்பி விளக்கு வெளிச்சத்தில் நானே பெருக்கிப் பார்த்தேன். விடை 2047தான். விடிந்ததும் சொல்லுவோம் என்று நினைத்தேன். விடிந்தது, சைக்கிளில் உன்னை முன்னால் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை பேசாமலே போனேன். அந்தப் பின்மட்டையை நீ கிழித்துவிட்டிருந்தாய். அதற்குப் பிறகு எந்தப் பிழையையும் நீ என்னிடம் கொண்டு வந்ததில்லை, உன்னுடையதையும்தான். பிழை என்னில் தம்பி. இதை எழுத எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

சின்னக்காவின் மூத்தவளுக்கு கம்பஸ் கிடைத்துவிட்டது. கிணற்றடித் தென்னையைத் தறித்தாயிற்று.

வாற மாதம் மாமா கனடா வருகிறார். அம்மா வழமை போல மிளகாய்த்தூள் இரண்டு பை, உனக்கொன்றும் பிள்ளைக்கொன்றுமாக, கட்டி வைத்திருக்கிறா. ஒரு பை போதுமென்றால் எனக்கு மட்டும் சொல்லு. காரணம் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
அப்பா