ஒப்பந்தப்புள்ளி கோருமுன் மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழின் உள்பக்கத்தில் பெட்டி கட்டி வரும் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளைச் சம்பந்தப்பட்ட நாலைந்து பேர் தவிர யாரும் படிப்பதில்லை. சமுதாயக் கூடம், நூலகம், அங்கன்வாடி என்று பணியின் பெயர், மதிப்பீடு, வைப்புத்தொகை, கடைசித் தேதி, அவ்வளவுதான். கட்டிய ஐந்தாறு வருடத்தில் சுவர் பிளந்தால் ‘கான்ட்ராக்டர் தின்றுவிட்டார்’ என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடும். தின்றவர்களும் உண்டு. ஆனால் பல கட்டடங்களின் பழுது, முதல் சிமென்ட் மூட்டை இறங்குவதற்கு முன்பே, ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. ஊராட்சிகளும், பேரூராட்சிகளும், சொந்தப் பணத்தில் மண்டபம் கட்டும் சமுதாயக் கமிட்டிகளும் கவனிக்க வேண்டியது அந்த ஆவணத்தைத்தான்.

முதலில் மண். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் கரிசல். தென்காசிப் பக்கம் செம்மண்ணில் கட்டிய மண்டபத்தின் வரைபடத்தைப் பெயர் மட்டும் மாற்றி இங்கே கொண்டுவந்தால் கட்டடம் நிற்காது. கரிசல் மழைக்கு உப்பும், கோடையில் வெடிக்கும். ஆழமில்லாத சாதாரண அஸ்திவாரம் போட்டால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். ஐப்பசியில் இறுகிப்போன கதவு பங்குனியில் தானாகச் சாத்திக்கொள்ளும். இதற்கு அண்டர்ரீம்டு பைல் (மண்ணுக்குள் இறக்கும், அடிப்பக்கம் குமிழாக அகன்ற கான்கிரீட் தூண்) என்று ஒரு வழி வெகுகாலமாக இருக்கிறது. ஆழமான கரிசலில் பைல் தரைமட்டத்துக்குக் கீழே குறைந்தது 3.5 மீட்டர் போக வேண்டும் என்கிறது ஐ.எஸ். 2911 என்ற இந்தியத் தர நிர்ணயம். தண்டு 300 மி.மீ. என்றால் அடியில் குமிழ் 750 மி.மீ. விட்டம் இருக்கும். பைல்களை இணைக்கும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே 80 மி.மீ. இடைவெளி விட வேண்டும். களத்தில் கோட்டை விடுவது இந்த இடைவெளியில்தான். மண்ணின் மேலேயே பீமை வார்த்துவிடுகிறார்கள், அல்லது இடைவெளியை மண் போட்டு அடைத்துவிடுகிறார்கள். அடுத்த மழையில் உப்பும் மண் பீமை மேலே தள்ளும். பைலுக்குச் செலவழித்தது முழுக்க வீண்.

300 சதுர மீட்டர் கூடத்துக்கு இரண்டு இடத்தில் துளை போட்டு மண் பரிசோதனை செய்து, அந்த அறிக்கையை ஆவணத்தோடு இணைக்க வேண்டும். ‘மண்ணின் தன்மையை ஒப்பந்ததாரர் தாமே அறிந்துகொள்ள வேண்டும்’ என்று ஒரு வரி எழுதிக் கை கழுவுவது சிக்கனமல்ல. அறிக்கை இல்லாதபோது தோண்டும் அளவு வெறும் ஊகம். ஊகம் எங்கே இருக்கிறதோ அங்கே விலையில் விளையாடுவார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. மதிப்பீட்டில் மண் தோண்டுதல் 150 கனமீட்டர், தளம் போடுதல் 400 சதுர மீட்டர். முதல் ஒப்பந்ததாரர் தோண்ட 900 ரூபாயும் தளத்துக்கு 800 ரூபாயும் போடுகிறார்: மொத்தம் 4,55,000. இரண்டாமவர் தோண்ட 500, தளத்துக்கு 1,000: மொத்தம் 4,75,000. முதலாமவர் 20,000 ரூபாய் குறைவு, வேலை அவருக்கு. தோண்டியபோது கரிசல் முடியவேயில்லை, அளவு 450 கனமீட்டர் ஆகிவிட்டது. இப்போது முதலாமவரின் பில் 7,25,000. இரண்டாமவர் செய்திருந்தால் 6,25,000. முதலாமவர் ஊரைச் சுற்றிக் கிணறு வெட்டியவர்களிடம் விசாரித்துவிட்டு வந்தவர், அவ்வளவே. சட்டப்படி தவறே இல்லை. அளவு இவ்வளவு சதவீதத்துக்கு மேல் கூடினால் கூடுதல் அளவுக்கு விலை மறுபடி நிர்ணயிக்கப்படும் என்று ஒரு நிபந்தனை இருந்திருந்தால் இந்த ஒரு லட்சம் போயிருக்காது.

அடுத்தது ஆலோசகர். கட்டடத்தைக் குறைந்த விலைக்குக் கேட்பதில் அர்த்தம் உண்டு, ஏனென்றால் என்ன வேண்டும் என்பது வரைபடத்தில் இருக்கிறது. அந்த வரைபடத்தையே போடப்போகிறவரைக் குறைந்த விலைக்குப் பிடித்தால் பழைய வரைபடம்தான் வரும். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் தரத்தையும் கட்டணத்தையும் சேர்த்து மதிப்பிட வழி தருகின்றன. தரத்துக்கு 80 சதவீதம் வரை எடை கொடுக்கலாம். தரத்துக்கு 70, கட்டணத்துக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தரத்தில் 85 மதிப்பெண், கட்டணம் 4 லட்சம். இன்னொருவர் 62, கட்டணம் இரண்டரை லட்சம். கட்டணத்தில், குறைவாகக் கேட்டவருக்கு 100; முதலாமவருக்கு அந்த விகிதத்தில் (2.5 ÷ 4) 62.5. சேர்த்துப் பார்த்தால் முதலாமவர் 78.25, இரண்டாமவர் 73.4. ஒன்றரை லட்சம் கூடக் கேட்டவர் தேர்வாகிறார், காரணமும் தாளில் இருக்கிறது. மதிப்பெண் எதற்கு எவ்வளவு என்பதை உறை பிரித்த பிறகு முடிவு செய்வது மட்டும் கூடாது. ஆவணத்திலேயே அச்சாகியிருக்க வேண்டும்.

ஆலோசகரிடம் கேட்கும் முன்மொழிவில் ‘கட்டட வடிவமைப்பு’ என்று இரண்டு சொல் எழுதினால் போதாது. நில அளவை, மண் பரிசோதனை, கம்பி விவரத்தோடு கட்டமைப்பு வரைபடம், மின், குடிநீர், கழிவுநீர் வரைபடங்கள், அளவுகளோடு மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி ஆவணம், வேலை நடக்கும்போது எத்தனை முறை களத்துக்கு வருவார் என எல்லாம் இருக்க வேண்டும். கட்டணத்தை எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். வரைபடம் கைக்கு வந்ததும் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டால், கம்பி கட்டும் நாளில் ஆளைப் பார்க்க முடியாது. கால் பங்கையாவது அஸ்திவாரம், கூரை, ஒப்படைப்பு என்று களப் பார்வையோடு முடிச்சுப் போட்டு வைப்பது நல்லது.

ஒப்பந்ததாரருக்கான அனுபவத் தகுதியில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஒன்று, யார் வேண்டுமானாலும் வரலாம். இல்லாவிட்டால், குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும் பொருந்தும்படி சட்டை தைப்பது. ஏழாண்டுகளில் முடித்த ஒத்த பணிகளில் மதிப்பீட்டின் 40 சதவீதத்தில் மூன்று, அல்லது 50 சதவீதத்தில் இரண்டு, அல்லது 80 சதவீதத்தில் ஒன்று என்ற மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் 2002ஆம் ஆண்டு அளவுகோல் இன்றைக்கும் பொருத்தமானது. 1.2 கோடி ரூபாய்க் கூடம் என்றால் 48 லட்சத்தில் மூன்று, 60 லட்சத்தில் இரண்டு, அல்லது 96 லட்சத்தில் ஒன்று. ‘ஒத்த பணி’ எது என்பதையும் எழுதிவிடுங்கள். சாலை போட்டவரின் சான்றிதழ் கூரை வார்க்க உதவாது.

கால அவகாசம். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இன் கீழ் வந்த விதிகள் 2 கோடி ரூபாய் வரை குறைந்தது 15 நாளும், அதற்கு மேல் 30 நாளும் தரச் சொல்கின்றன. 15 நாளில் சனி, ஞாயிறு, நடுவில் ஒரு பண்டிகை போனால் மிஞ்சுவது ஒன்பது பத்து வேலை நாள். அதற்குள் களத்தைப் பார்த்து, கம்பிக்கும் எம்-சாண்டுக்கும் விலை கேட்டு, வங்கியில் வைப்புத்தொகைக்கு ஏற்பாடு செய்து கணக்குப் போட வேறு ஊர்க்காரரால் முடியாது. முன்பே செய்தி தெரிந்தவரால் முடியும். விதி சொல்வது குறைந்தபட்சம்தான். 25 நாள் கொடுத்தால் யாரும் தடுக்கப்போவதில்லை. நடுவில் ஒருநாள் எல்லோரையும் ஒன்றாக மனையில் நிறுத்திக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, அந்தப் பதில்களை எழுத்தில் அனைவருக்கும் அனுப்பிவிட்டால் பின்னால் வரும் தகராறில் பெரும்பகுதி தீரும்.

வரைபடத்தில் வழக்கமாக விடுபடுவது சாய்தளம். 1:12 சரிவுக்கு, 60 செ.மீ. உயர பேஸ்மட்டத்துக்கு 7.2 மீட்டர் நீளம் வேண்டும். ஏறி நின்று திரும்பும் இடம் தனி. இதை வரையாமல் ‘சாய்தளம் - 1’ என்று மதிப்பீட்டில் போட்டால், கடைசி வாரத்தில் மூன்று மீட்டரில் ஒரு சறுக்குமரம் கட்டிவிட்டுப் போவார்கள். கைப்பிடி இருக்கும், சக்கர நாற்காலி ஏறாது. இரண்டாவது, பாத்திரம் கழுவும் இடம். முந்நூறு பேர் பந்தியின் சோறும் எண்ணெயும் 75 மி.மீ. டிராப்பில் (கழிவுநீர் இறங்கும் வாயில்) இறங்காது. மீட்டருக்கு ஒன்றரை செ.மீ. சரிவில் கல் தளம், கம்பி வலை மூடிய திறந்த கால்வாய், எண்ணெய் தேங்கும் தொட்டி ஆகிய மூன்றும் தனித்தனி இனமாக மதிப்பீட்டில் வர வேண்டும். மும்முனை மின் இணைப்புக்கான கட்டணத்தையும் மறந்துவிடுகிறார்கள்; திறப்பு விழா ஜெனரேட்டரில் நடக்கும், பிறகு கூடம் பூட்டிக் கிடக்கும். எதிரொலியைப் பற்றி எழுதினால் இந்தக் கடிதம் முடியாது. மைக் பிடித்தவர் பேசுவது அவருக்கே புரியாத மண்டபங்கள் நம்மிடம் ஏராளம்.

தரப் பரிசோதனையையும் எண்ணிக்கையோடு எழுதுங்கள். 250 சதுர மீட்டர் கூரை, 150 மி.மீ. கனம் என்றால் 37.5 கனமீட்டர் கான்கிரீட். ஐ.எஸ். 456 கணக்கில் இதற்கு 4 மாதிரி, மாதிரிக்கு 3 கட்டி (வலுவைச் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கனசதுரம்), ஆக 12 கட்டிகள். ‘தேவைப்படும் சோதனைகள் செய்யப்படும்’ என்ற வாசகத்துக்கு மூன்று கட்டிதான் வரும், அதுவும் தனியாகக் குழைத்த கான்கிரீட்டில். ஈரம் காயுமுன் கமிட்டிக்காரர் ஒருவர் ஆணியால் தேதியும் கையெழுத்தும் கீறிவிட்டால் கட்டி மாறாது.

கடைசியாக, பழுது நீக்கும் பொறுப்புக் காலம். நம் பக்கம் மழை ஐப்பசி, கார்த்திகையில். ஜனவரியில் ஒப்படைத்த கட்டடத்துக்கு ஆறு மாதப் பொறுப்பு என்றால் ஒப்பந்ததாரரின் பில்லில் பிடித்து வைத்த தொகை ஜூலையில் திரும்பிப் போய்விடும். கூரை ஒரு நல்ல மழையைக்கூடப் பார்த்திருக்காது. மாதக் கணக்கை விட்டு, ‘ஒரு முழு வடகிழக்குப் பருவமழை முடிந்து, கூரையையும் சுவரையும் கூட்டாகப் பார்வையிட்ட பிறகே பிடித்தம் விடுவிக்கப்படும்’ என்று எழுதினால் கூரைமேல் தட்டோடுகளைப் பதிக்கும்போதே மேஸ்திரியின் கை கொஞ்சம் கவனமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
கோவில்பட்டி