படுத்தால் விடுகிறதா?

அன்புள்ள சாரதாவுக்கு,

பேரன் பிறந்த செய்தியை எழுத வந்தவள் பாதிக் கடிதத்தை மகளின் தலைவலிக்கே கொடுத்துவிட்டாய். சிசேரியன் முடிந்த மறுநாள் ஆரம்பித்தது, பால் கொடுக்க உட்கார்ந்தால் பிடரியிலிருந்து இழுக்கிறது, படுத்தால் விட்டுவிடுகிறது என்ற அந்த வரியை மட்டும் நாலு தரம் படித்தேன். பச்சை உடம்பில் ஈரக்காற்று பட்டுவிட்டது என்று உன் நாத்தனார் சொல்வது இருக்கட்டும். முதுகில் மரத்துப்போக ஊசி போட்டார்களே, அதை நினைத்துப் பார்.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓர் உறை. உள்ளே சுமார் 150 மில்லி நீர். மூளை அதில் மிதக்கிறது. ஊசி போட்ட துளை மூடாமல் நீர் கசிந்தால், எழுந்து நின்றதும் மூளை கீழே தொய்கிறது, வலிக்கிறது. இந்த ஊசியை முதன்முதலில் போட்ட ஜெர்மன் டாக்டர் ஆகஸ்ட் பியர் 1898-ல் தன் முதுகிலேயே குத்திப் பார்க்கச் சொல்லி, ஒன்பது நாள் படுத்துக் கிடந்தாராம். இப்போதைய ஊசிகள் மெல்லியவை, இது அரிதாகத்தான் வருகிறது. வந்தாலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும்.

எனக்கோ ஊசியே போடவில்லை, ஆனாலும் அதே கசிவு, அதே தலைவலி. பரணிலிருந்து அண்டாவை இறக்கினேன், அவ்வளவுதான். உனக்குத்தான் தெரியுமே, ஏழு மாசம். சைனஸ் என்று ஆவி பிடித்தேன், கண்ணாடி மாற்றினேன், கழுத்துக்குப் பட்டை, அப்புறம் மைக்ரேன் மாத்திரை. தினமும் வலி மாத்திரை விழுங்கினால் அதுவே ஒரு தலைவலியைக் கொண்டுவரும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. சாதாரண ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். மனக்கவலை என்றுகூட ஒருவர் எழுதினார். அந்தச் சீட்டை இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்!

கடைசியில் ஒரு நரம்பு டாக்டர், எவ்வளவு வலிக்கிறது என்று கேட்கவில்லை. "காலையில் எழுந்து எத்தனை நிமிஷத்தில் வருகிறது? படுத்தால் எத்தனை நிமிஷத்தில் போகிறது?" என்றார். காது அடைத்த மாதிரி இருக்கிறதா என்றும் கேட்டார். இருந்தது, அதை நான் யாரிடமும் சொன்னதே இல்லை. மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூளையின் உறை பளிச்சென்று தெரிந்தது, மூளை சற்று இறங்கியிருந்தது. இந்தக் கசிவு உள்ள சிலருக்கு அந்த ஸ்கேனும் சுத்தமாகவே இருக்குமாம். நான் தப்பித்தேன்.

வைத்தியம் கேட்டால் சிரிப்பாய். கையிலிருந்து 20 மில்லி ரத்தம் எடுத்து, முதுகில் உறைக்கு வெளியே செலுத்தினார்கள். அது உறைந்து ஒட்டுப்போட்ட மாதிரி அடைத்துக்கொள்கிறது. 1960-ல் கோர்ம்லி என்ற அமெரிக்க டாக்டர் 2 மில்லியில் தொடங்கியது. முதல் ஒட்டு எனக்குப் பத்து நாள்தான் நின்றது, இரண்டாவது பிடித்துக்கொண்டது. அதன்பின் வேடிக்கை, தலைவலி தலைகீழானது: படுத்தால் நெற்றியில் வலி, உட்கார்ந்தால் சுகம்! அழுத்தம் திடீரென ஏறுவதால் இப்படி வரும் என்று மாத்திரை தந்தார்கள், போய்விட்டது. ஆறு வாரம் குனியவில்லை, தூக்கவில்லை. வீட்டில் கோலம் போட்டது அவர்தான். கோணல் கோலம்.

ஆகவே மகப்பேறு டாக்டரோடு நிற்காமல், ஊசி போட்ட மயக்க டாக்டரையே கேளுங்கள். நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டும். ஒரு டம்ளர் காபிக்கு நாத்தனார் முறைத்தால் முறைக்கட்டும். ஆனால் ஒன்று: வலி படுத்தாலும் விடாமல் போனால், பார்வை மங்கினால், வலிப்பு வந்தால், கை கால் பலம் குறைந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், காத்திருக்காதே. பிரசவத்துக்குப் பின் ரத்த அழுத்தம் ஏறலாம், மூளையின் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டியும் வரலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

உளுந்தங்களி மாவும் கருப்பட்டியும் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். பிள்ளைக்கு என்ன பேர் என்று எழுதவே இல்லையேடி?

உன்,
கோமதி