வேலூர் டவுன் பஸ்ஸில் ஒரு நாள் டிக்கெட் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்பாடி – பாகாயம் தடத்தில் ஓடும் டவுன் பஸ்களில் காலையில் ஒரு டிக்கெட் வாங்கினால் இரவு வரை எங்கே வேண்டுமானாலும் ஏறி எங்கே வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வசதி வர வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். நான் இதே ஊரில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் போக்குவரத்துக் கழகத்துக்குப் பட்டுக்கோட்டை அழகிரி பெயர் இருந்தபோது வேலைக்குச் சேர்ந்தேன். 1997-இல் அந்தப் பெயர்கள் எல்லாம் போய் அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஆனது. கலெக்‌ஷன் குறைந்தால் டிப்போவில் என்ன பேச்சு கேட்க வேண்டியிருக்கும் என்பது தெரிந்தவன்தான் இதைக் கேட்கிறேன்.

யாருக்காக என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம், பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வருவது வேலூர்க்காரர்களுக்குப் புதிதில்லை. காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜ்களில் தங்கிக்கொண்டு, கூடவே ஒரு பம்ப் ஸ்டவ்வும் வாங்கி வைத்துக்கொண்டு சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ரத்தம் கொடுத்திருப்பார்கள், ஸ்கேன் எடுத்திருப்பார்கள், ரிசல்ட் திங்கட்கிழமை என்று சொல்லியிருப்பார்கள். நடுவில் சனி, ஞாயிறு என்ன செய்வது? லாட்ஜ் வாசலில் உட்கார்ந்து செல்போன் பார்ப்பார்கள். கொஞ்சம் தெம்பானவர்கள் கோட்டை வரைக்கும் நடந்துவிட்டு வருவார்கள். ஸ்ரீபுரம் தங்கக்கோயில் என்று ஒன்று இருப்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஆட்டோக்காரர் சொல்லும் தொகையைக் கேட்டதும் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, வைத்தியத்துக்கு என்று எண்ணி எடுத்து வந்த பணம் அது.

இந்த யோசனை எனக்கு வந்தது கலிபோர்னியாவில். 2023-இல் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அவன் எங்களை சான் பிரான்சிஸ்கோ கூட்டிக்கொண்டு போனான். மேடும் பள்ளமுமான ஊர். தெரு என்றால் நம் சஜ்ஜரா மலைமேல் ஏறுகிற மாதிரி நெட்டுக்குத்தாக ஏறுகிறது. மேலே போனால் அந்தப் பக்கம் அதே மாதிரி இறங்குகிறது, கீழே கடல். காரில் சுற்றிக் காட்டுகிறேன் என்றுதான் முதலில் சொன்னான். “டேய், உங்க ஊர் பஸ்ஸுல ஏத்தி விடுடா, நான் பாத்துக்கறேன்” என்றேன். அவன் செல்போனிலேயே ஒரு நாள் பாஸ் எடுத்துக் கொடுத்தான். பஸ், டிராம், கேபிள் கார் மூன்றுக்கும் அது ஒன்றே போதும்.

கேபிள் கார் என்றதும் சோளிங்கரில் 1305 படிக்கு மாற்றாக வந்திருக்கிற ரோப் கார் மாதிரி ஆகாயத்தில் தொங்கும் வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். இது தரையில் தண்டவாளத்தில் ஓடுகிறது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் தெருவில் ஒரு நீளமான இடுக்கு. அதற்குள் ஒன்றேகால் அங்குல கனத்தில் இரும்புக் கயிறு ஒன்று, மணிக்கு சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில், நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. பழநி விஞ்ச்சில் கயிறும் பெட்டியும் சேர்த்தே கட்டியிருக்கும். கயிறு நின்றால் பெட்டியும் நிற்கும். இங்கே அப்படி இல்லை. வண்டியில் எஞ்சினே கிடையாது. கிரிப்மேன் என்கிற ஓட்டுநர் ஆளுயர நெம்புகோலை இழுத்தால், கீழே பெரிய குறடு மாதிரி ஒன்று ஓடுகிற கயிற்றைக் கவ்விக்கொள்ளும், வண்டி புறப்படும். விட்டால் வண்டி கழன்றுகொள்ளும், பிரேக் போட்டு நிறுத்தலாம். இறக்கத்தில் அதே கயிற்றைக் கவ்விக்கொண்டிருப்பதால் வண்டி கயிற்றின் வேகத்துக்கு மேல் ஓடாது. இன்னொரு தடத்தின் கயிறு குறுக்கே வரும் இடத்தில் மட்டும் சரியான நேரத்தில் விட்டு, தாண்டியதும் திரும்பப் பிடிக்க வேண்டும். தப்பினால் கயிறு போச்சு. அந்த நெம்புகோலைப் பிடித்திருந்தவரின் தோளையும் முன்கையையும் பார்த்துக்கொண்டே நின்றேன். பவர் ஸ்டியரிங் வருவதற்கு முன்னால் எங்கள் டிரைவர்களுக்கும் அப்படித்தான் கை இருக்கும்.

பிரேக்கும் ஒன்றில்லை, பல. சக்கரத்துக்கு ஒன்று. தண்டவாளத்தின் மேல் அழுத்துவதற்கு மரக்கட்டை ஒன்று. அது சில நாளிலேயே தேய்ந்துவிடும், மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இறக்கத்தில் மரம் கருகுகிற வாசனை வருகிறது. அவசரத்துக்கு இடுக்கிலேயே ஆப்பு மாதிரி இறங்கும் பிரேக் தனியாக இருக்கிறது. செங்குத்தான இறக்கம் வந்தால் பின்பக்கத்து பிரேக்கை நடத்துநர்தான் பிடிக்க வேண்டுமாம். டிக்கெட்டும் கிழித்து பிரேக்கும் போடுகிற கண்டக்டரை வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்புறம் ஃபுட்போர்டு. “உள்ளே போ, உள்ளே போ, படியில நிக்காதே” என்று கத்தியே தொண்டை கெட்டவன் நான். அங்கே வண்டிக்கு வெளியே படிக்கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு அனுமதியே உண்டு. ஜனங்கள் அதற்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். என் வீட்டுக்காரம்மாவும் நின்றார். நான் உள்ளே பெஞ்சில்தான் உட்கார்ந்தேன்.

இந்தக் கயிற்று வண்டியை 1873-இல் ஓட்டிக் காட்டியவர் ஆண்ட்ரூ ஹாலிடி. இரும்புக்கயிறு தயாரிக்கும் தொழில் செய்தவர். ஈரமான மேட்டுத் தெருவில் வண்டி இழுத்த குதிரைகள் வழுக்கி விழுந்து இழுபட்டுச் செத்ததைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த எண்ணம் வந்தது என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். அதே 1873-இல் கொல்கத்தாவில் குதிரை டிராம் ஓடியது. நம் சென்னையில் 1895-இல் மின்சார டிராம் வந்து 1953-இல் நின்றது. கொல்கத்தாவில் மிச்சம் இருந்ததையும் மைதானப் பக்கம் ஒரு சின்னத் தடத்தோடு நிறுத்திக்கொள்ளப்போவதாக 2024-இல் அந்த மாநில அரசு சொல்லிவிட்டது. சான் பிரான்சிஸ்கோவிலும் இதே பேச்சு 1947-இல் வந்ததுதான். மேயர் லாபம், ஆமாம், பெயரே ராஜர் லாபம், கேபிள் கார் நஷ்டம், பஸ் விட்டால் செலவு குறையும் என்றார். நான் வேலையில் இருந்தபோது மீட்டிங்கில் கேட்ட அதே வசனம். ஃப்ரீடெல் கிளஸ்மன் என்ற பெண்மணி ஊரில் உள்ள மகளிர் சங்கங்களைத் திரட்டி, விஷயத்தை ஓட்டெடுப்பு வரைக்கும் கொண்டுபோனார். நான்கில் மூன்று பேர் வண்டி இருக்கட்டும் என்று ஓட்டுப் போட்டார்கள். பிறகு 1982-இல் இருந்து 1984 வரை எல்லாவற்றையும் நிறுத்தி, தெருவைத் தோண்டி, அடியிலிருந்து புதிதாகக் கட்டினார்கள். இன்றைக்கு மூன்று தடம் ஓடுகிறது. வாஷிங்டன் – மேசன் தெரு முனையில் உள்ள கொட்டகையில் அந்தக் கயிறுகளை இழுக்கும் பெரிய சக்கரங்கள் சுற்றுவதை மேலே நின்று பார்க்கலாம், காசு கிடையாது. என்னை அங்கிருந்து கிளப்புவதற்கு மகனுக்கு ரொம்ப நேரம் ஆனது.

எல்லாம் நல்லது என்று சொல்லமாட்டேன். அன்றைக்கு ஒற்றைப் பயணத்துக்கு 8 டாலர், நம் காசுக்கு சுமார் 650 ரூபாய். கொள்ளை. மார்க்கெட் தெரு முனையில் வண்டியை ஒரு வட்டத் தட்டில் ஏற்றி ஊழியர்களே கையால் தள்ளித் திருப்புகிறார்கள். அதைப் பார்க்க வருகிற கூட்டத்தில் க்யூவில் நின்றால் கால் கடுத்துவிடும். கலிபோர்னியா தெருத் தடத்தில் இந்தக் கூட்டம் இல்லை, வந்ததும் ஏறிக்கொள்ளலாம். எனக்கு அதைவிடப் பிடித்தது எஃப் லைன் என்கிற டிராம். 1928-இல் இத்தாலியின் மிலான் நகருக்காகச் செய்த வண்டிகள், உள்ளே மரப் பெஞ்சு, இத்தாலிய மொழியில் எழுத்து, எல்லாம் அப்படியே இன்றைக்கும் துறைமுகக்கரை ஓரமாக ஆள் ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. அமெரிக்காவின் பல ஊர்களின் பழைய நிறத்தை அடித்த வண்டிகளும் அதே தடத்தில் வருகின்றன. அதற்குக் கட்டணம் பஸ் கட்டணம்தான். பக்கத்தில் காய்கறிப் பையோடு ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். சுற்றுலாக்காரனுக்கு என்று தனி வண்டி விடாமல், ஊர் ஜனம் போகிற வண்டியிலேயே அவனையும் ஏற்றுகிறார்கள். கேபிள் காரும் அப்படித்தான்: பஸ் விடுகிற அதே நிர்வாகம் ஓட்டுகிறது, உள்ளூர்க்காரரின் மாதப் பாஸ் அதிலும் செல்லும்.

நம் ஊருக்கு நான் கேட்பது இதுதான். தண்டவாளமோ கயிறோ கேட்கவில்லை. சுற்றுலா என்று புதிய பஸ் வாங்கி, கொடி அசைத்து, மூன்று மாதத்தில் டிப்போவில் நிறுத்திவைப்பதும் வேண்டாம். 1, 2 எண் பஸ்கள் ஏற்கெனவே காட்பாடி ஸ்டேஷனில் புறப்பட்டு, பாலாற்றுப் பாலம் தாண்டி, சி.எம்.சி., கோட்டை வழியாகப் பாகாயம் போகின்றன. பார்க்க வேண்டிய இடம் பாதி இந்த ஒரு தடத்திலேயே இருக்கிறது. ஸ்ரீபுரம் பஸ்ஸையும் சேர்த்துக்கொண்டால் போதும். 50 ரூபாய் வையுங்கள். இப்போது மெஷினில்தானே டிக்கெட் வருகிறது, தேதி அச்சாகிவிடும். செக்கருக்கும் சிரமம் இல்லை. ஊட்டியில் சீசன் நேரத்தில் சுற்றுப் பேருந்து விட்டு ஒரே டிக்கெட்டில் ஏறி இறங்க விடுகிறார்கள். ஊட்டிக்கு முடிந்தது வேலூருக்கு ஏன் முடியாது?

பெண்களுக்குத்தான் 2021-இல் இருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லையே, யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். கூட வரும் ஆண்கள் வாங்குவார்கள். சரி, அந்தப் பெண்களுக்கு இலவசம் என்பதாவது தெரிகிறதா? போன மாதம் பஸ்ஸில் பார்த்தேன். சங்கு வளையல் போட்ட ஒரு வங்காள அம்மா பத்து ரூபாய் நோட்டை நீட்டுகிறார். நம் கண்டக்டர் தம்பி கையை ஆட்டி “வேணாம்மா” என்கிறார். பணம் போதவில்லை போலிருக்கிறது என்று அவர் இன்னொரு பத்தைச் சேர்த்து நீட்டுகிறார். தம்பி மேலும் பலமாகக் கையை ஆட்டுகிறார். கடைசியில் பின்சீட்டில் இருந்த மருந்துக்கடைப் பையன் இந்தியில் சொல்லித் தீர்த்துவைத்தான்.

அதனால் டிக்கெட்டோடு இன்னொன்றும் வேண்டும், போர்டு. சி.எம்.சி. எதிரே லாட்ஜும் ஓட்டலும் மருந்துக்கடையும் பெங்காலியில் பெயர் எழுதி வைத்து எவ்வளவோ காலம் ஆகிறது. பஸ் ஸ்டாப்பில் மட்டும் இல்லை. எந்த நம்பர் எங்கே போகும், எந்த ஸ்டாப்பில் இறங்கினால் என்ன பார்க்கலாம் என்று தமிழ், ஆங்கிலம், இந்தி, பெங்காலி நான்கிலும் எழுதினால் போதும். எழுதுவதற்கா விஷயம் இல்லை! கோட்டை ஸ்டாப்பில்: ஜலகண்டேஸ்வரர் கோயில், அதன் கல்யாண மண்டபத்துத் தூண்களை நின்று பார்க்க வேண்டும்; வெகுகாலம் மூலவர் இல்லாமல் இருந்து 1981-இல்தான் லிங்கம் திரும்ப வந்தது. அதே மதிலுக்குள் 1846-இல் கட்டிய புனித ஜான் தேவாலயம், மசூதி, திப்புவின் குடும்பத்தை வைத்திருந்த மகால். 1806 ஜூலை 10 அதிகாலையில் வெள்ளைக்காரர்களை எதிர்த்துச் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்ததும் இங்கேதான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம்: கண்டி அரசர்களில் கடைசியானவர் விக்கிரம ராஜசிங்கன், 1815-இல் பிடிபட்டு, வேலூரில் கைதியாகவே இருந்து 1832-இல் இறந்தார், அவர் சமாதி. இலங்கையில் இருந்து வருகிறவர்கள் தேடிக்கொண்டு போகிறார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறோம்?

இன்னொரு ஆசையும் உண்டு, இது நடக்காவிட்டாலும் பரவாயில்லை. பழைய வண்டிகளை எல்லாம் ஏலம் விட்டு இரும்புக்கடைக்கு அனுப்புகிறோம். ரப்பர் பந்தை அமுக்கி அடிக்கிற ஹாரன், கயிறு கட்டிய மணி, மரப்பலகைத் தரை உள்ள வண்டி ஒன்று எங்காவது மூலையில் மிச்சம் இருந்தால், பழுது பார்த்து ஞாயிற்றுக்கிழமையில் இந்தத் தடத்தில் ஒரு நடை விடலாம். ஓட்டத் தெரிந்த ரிட்டயர்ட் டிரைவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். பேட்டா கூடக் கேட்கமாட்டார்கள்.

போர்டு எழுதும்போது மறக்காமல் ஒன்று சேர்க்கச் சொல்லுங்கள். கோட்டையில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்குத்தான் ரிசல்டுக்குத் திங்கள் வரை காத்திருக்கச் சொல்லப்பட்டவர்கள் நேராக அங்கே போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவர்,
சைதாப்பேட்டை, வேலூர்.