பிளைண்ட்ஸ் என்றால் 'குருட்டுத் திரை' அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சி உறையூரில் நானும் என் கணவரும் ஜன்னலுக்கு ஸ்கிரீன் தைத்து மாட்டிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறோம். தையல் என் வேலை. அளவெடுப்பதும் மாட்டுவதும் அவர் வேலை. 22 வருடமாக இதுதான் பிழைப்பு. உங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டு அலங்காரம் பற்றி எது வந்தாலும் விடாமல் படித்துவிடுவேன். திங்கட்கிழமை காலையில் அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு யாராவது கடைக்கு வந்துவிடுவார்கள்.

போன வாரக் கட்டுரையில் ஜன்னலில் ஏற்றி இறக்கும் மறைப்பான 'பிளைண்ட்ஸ்' என்பதை ஓரிடத்தில் 'குருட்டுத் திரை' என்றும் மற்ற இடங்களில் 'திரைச்சீலை' என்றும் போட்டிருந்தீர்கள். இரண்டும் தப்பு. முதலாவது மனதுக்கும் சங்கடமாக இருந்தது. செய்திப் பக்கத்தில் 'பார்வை மாற்றுத்திறனாளி' என்று பார்த்துப் பார்த்து எழுதுகிற நீங்கள், ஜன்னலுக்கு வந்ததும் இப்படி எழுதலாமா?

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பார்வை இல்லாத என்ற பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் ஜன்னலில் தொங்குவதற்கு அந்தப் பெயர் வந்தது, வெளிச்சத்தையும் வெளியாள் கண்ணையும் அது மறைப்பதால். முட்டுச்சந்தைக்கூட ஆங்கிலத்தில் 'பிளைண்ட் ஆலி' என்கிறார்கள். அதை நாம் குருட்டுச் சந்து என்றா சொல்கிறோம்?

ஊருக்கு ஊர் அந்தச் சொல்லே மாறுகிறது. இங்கிலாந்துக்காரர்களுக்குச் சுருட்டினாலும் மடித்தாலும் பட்டையைத் திருப்பினாலும் எல்லாமே பிளைண்ட். அமெரிக்காவில் பெரும்பாலும் பட்டை பட்டையாக இருப்பதைத்தான் பிளைண்ட்ஸ் என்பார்கள். ஒரே துணியாகச் சுருண்டு ஏறுவது 'ஷேட்'. கனத்த துணியில் தரை வரை தொங்குவது 'டிரேப்ஸ்'.

இதனால் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். அவர் மகன் நியூஜெர்சியில் இருக்கிறார். "அப்பா, மேற்கு ஜன்னலுக்கு ஷேட்ஸ் போட்டுடுங்க, வெயில் தாங்காது" என்று போனில் சொல்லியிருக்கிறார். பெரியவர் கொத்தனாரை வரச் சொல்லி, சன்ஷேட் போடக் கம்பி எவ்வளவு, ஜல்லி எவ்வளவு என்று கணக்கு வரைக்கும் போட்டுவிட்டார். மகன் படம் அனுப்பிய அப்புறம்தான் எங்கள் கடைக்கு வந்தார். அவர்மேல் தப்பில்லை. நம் ஊரில் ஷேட் என்றால் கான்கிரீட், ஷட்டர் என்றால் கடைக் கதவு, ஸ்கிரீன் என்றால் ஜன்னல் துணி.

சரி, பெயரில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். எங்களுக்கு அளவே அதில்தான் இருக்கிறது. ஸ்கிரீனுக்கு ஜன்னலைவிட அகலமாகக் கம்பி போட்டு, அந்த அகலத்தைப் போல் இரண்டு மடங்கு துணி எடுப்பேன். அப்போதுதான் மடிப்பு அழகாக விழும். பிளைண்ட்ஸை ஜன்னல் சட்டத்துக்குள் மாட்டுவதென்றால் அந்தக் கணக்கு உதவாது. மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அகலம் எடுத்து, அதில் எது குறைவோ அதைத்தான் எழுத வேண்டும். சுவர்ப் பூச்சு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு நூல் கூடினாலும் உள்ளே போகாது.

உங்கள் கட்டுரையில் 'திரைச்சீலைக்கு இருபுறமும் அரை அடி சேர்த்து அளவெடுங்கள்' என்று இருந்தது. ஸ்கிரீனுக்கு அது நல்ல யோசனை. ஆனால் பக்கத்தில் போட்டிருந்த படம் மரத்தில் செய்த பட்டைகளை வரிசையாகக் கோத்த வெனிஷியன் பிளைண்ட்ஸ். காரைக்குடியில் இருந்து ஒருவர் அதைப் படித்துவிட்டு வாட்ஸ்ஆப்பில் அளவு அனுப்பினார். நேரில் போய் அளக்காமல் ஆர்டர் கொடுத்தது எங்கள் தவறுதான். 4 அடி ஜன்னலுக்கு 5 அடியில் வந்து நின்றது. சுருண்டு ஏறும் துணி ரோலராக இருந்தால் வெட்டிக் குறைத்திருப்போம். இந்த மரத்தாலான பட்டைகளில் கயிறு போகும் ஓட்டைகள் முன்பே போட்டிருப்பார்கள். இருபுறமும் அரை அடி வெட்டினால் அந்த ஓட்டைகள் ஓரத்துக்கு வந்துவிடும். அது இன்னும் எங்கள் கடை மூலையில்தான் நிற்கிறது.

தமிழில் சொல் இல்லாமலும் இல்லை. என் அம்மா வீட்டுத் திண்ணையில் மூங்கில் தட்டி தொங்கும். கயிற்றை இழுத்தால் சுருண்டு மேலே போகும். சித்திரை வெயிலுக்கு வெட்டிவேர் தட்டியும் கட்டுவார்கள். மத்தியானம் தண்ணீர் தெளித்தால் வாசம் அடுக்களை வரை வரும். அந்த வெட்டிவேர் என்ற பெயரை ஆங்கிலமே நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது. பட்டை வைத்ததற்குத் தட்டி என்றும், துணியாகச் சுருள்வதற்குச் சுருள்திரை என்றும் எழுதலாமே. அமெரிக்காவில் பிரிக்கிற மாதிரியே நமக்கும் பிரிந்துவிடும். ஜனங்களுக்குப் புரியுமா என்று தயங்கினால் பிளைண்ட்ஸ் என்றே போடுங்கள், கடைக்கு வருபவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள்.

வரும் ஞாயிறு தொடர்ச்சி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் அளவெடுக்கும் முறையை ஸ்கிரீனுக்குத் தனியாக, பிளைண்ட்ஸுக்குத் தனியாகப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் போன வார அளவை வைத்து யாரும் ஆர்டர் கொடுத்துவிடாமல் இருக்க, நாளைக்கே ஒரு சிறு திருத்தம் வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஸ்கிரீன் கடை நடத்தும் வாசகி,
உறையூர், திருச்சி.